செலவு யார் பக்கம்

அத்தியாயம் பதினொன்று

வீட்டைக் கைமாற்றிக் கொடுக்கப் போகும் காலையில், ஹிஃப்ஸா வாசற்கதவின் கைப்பிடியைத் துணியால் அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"யாருக்குப் புள்ள இப்படித் துடைக்கிற? வாங்குறவன் வந்து துடைச்சிக்குவான்" என்றார் மாமியார் ஜுலைஹா பீவி, சோபாவை விட்டு எழாமல்.

"என் கைரேகை நிறைய இருக்கு மாமி. அதை அவங்களுக்கு ஏன் விட்டுட்டுப் போகணும்?"

"வாய்க்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல" என்றார் ஜுலைஹா பீவி. கையிலிருந்த தஸ்பீஹ் ஜெபமாலையின் மணி நிற்காமல் உருண்டது.

ஜுலைஹா பீவி கீழக்கரையிலிருந்து மகனைப் பார்க்க விசிட் விசாவில் வந்தவர். வந்த வாரமே பேச்சை எடுத்துவிட்டார். மகன் முகம்மது ரிபாய்க்குச் சவூதியில், தம்மாமில் ஒரு கூட்டு வியாபாரம் கூடி வருகிறது, அதற்கு முதல் வேண்டும், அந்த முதல் இந்தத் துபாய் வீட்டின் நான்கு சுவருக்குள்தான் இருக்கிறது என்றார். ஹிஃப்ஸா விற்க மாட்டேன் என்றாள். ரிபாய் நாட்கணக்கில் அவளோடு பேசவில்லை. அவள் வைத்த சாப்பாட்டைத் தொடாமல் ஓட்டலில் பார்சல் வாங்கி வந்து, அவள் எதிரிலேயே உட்கார்ந்து தின்றான். அப்போதும் அவள் அசையவில்லை.

அவளை அசைத்தவர் பெற்ற தகப்பன் ஹபீப் முகம்மது. "வித்துடும்மா" என்று ஒரு நாள் வந்து சொன்னார். வேறொன்றும் சொல்லவில்லை. ஏன் என்று அவளும் கேட்கவில்லை.

கேட்காததற்குக் காரணம் இருந்தது.

எங்கள் கடற்கரை ஊர்களில் கல்யாணமான பெண் புருஷன் வீட்டுக்குப் போவதில்லை. புருஷன்தான் பெண் வீட்டுக்கு வருகிறான். மகளுக்கு ஒரு வீடு கொடுப்பது தகப்பன் மேல் விழுந்த கடமை. கொடுத்த வீடு அவளுடையது, அவளுக்குப் பிறகு அவள் மகளுடையது. அதில் கை வைக்கிற ஆண்பிள்ளையை ஊர் மனிதனாக மதிக்காது. ஹபீப் முகம்மது துபாயின் தெய்ரா கடைத்தெருவில் முப்பது வருடமாக அத்தர்க் கடை நடத்துகிறவர். எத்தனை வருடம் இந்த மண்ணில் இருந்தாலும் ஊர் முறையை விட்டுக் கொடுக்காதவர் என்று பெயரெடுத்தவர்.

ஹிஃப்ஸாவின் நிக்காஹ் மஜ்லிஸில் ஜமாஅத்தார் முன்னால் எழுந்து நின்று அவர் சொன்னார்: "என் மகளுக்குத் துபாயில் சொந்த வீடு கொடுத்திருக்கிறேன்." ஊரில் வீடு கொடுத்தவர்கள் உண்டு. துபாயில் கொடுத்தவர் அதுவரை இல்லை.

அந்தச் 'சொந்த' என்ற சொல் பொய்.

வீடு தொண்ணூற்றொன்பது வருடக் குத்தகை. நிலமும் கட்டடமும் ஒரு கம்பெனிக்குச் சொந்தம். ஹிஃப்ஸா பெயரில் பதிவானது, குத்தகை முடிகிற வரை அங்கே இருந்துகொள்ளும் உரிமை மட்டும்தான். அதற்கும் வருடா வருடம் கம்பெனிக்கு நில வாடகை கட்ட வேண்டும். விற்பதென்றால் கம்பெனி சம்மதிக்க வேண்டும், அந்தச் சம்மதத்துக்கும் விலை உண்டு. முழுச் சொந்தமாக வாங்க அன்றைக்கு அவரிடம் பணம் போதவில்லை. பணம் போதவில்லை என்று மஜ்லிஸில் சொல்ல அவருடைய கழுத்து வளையவில்லை.

போன மாதம் ஜுலைஹா பீவி பத்திரத்தைக் கேட்டார். "நம்ம ஊர் ஆலிம்சா ஷார்ஜாவுல இருக்காக. அரபுல என்ன எழுதியிருக்குன்னு வாசிச்சுக் காட்டச் சொல்றேன், சம்பந்தி." அடுத்த நாளே ஹபீப் முகம்மது மகளிடம் வந்து விற்கச் சொன்னார். வீடு கைமாறிவிட்டால் பத்திரமும் போய்விடும், பொய்யும் அதோடு போய்விடும் என்பது அவர் போட்ட கணக்கு.

ஒரு சொல்லைக் காப்பாற்ற, மகள் குடியிருந்த வீட்டை விற்கத் துணிந்தார். ஒரு தகப்பன் செய்யக் கூடாத காரியம். செய்தார்.

*

ரிபாயும் அவன் தாயாரும் ஒரு காரில் முன்னால் போனார்கள். ஹிஃப்ஸா வாப்பாவின் காரில் ஏறினாள்.

"கையெழுத்து மட்டும் நீ போட்டாப் போதும். செலவு பூரா நான் பாத்துக்கிறேன்" என்றார் ஹபீப் முகம்மது.

அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். "நஸீரா ஸ்கூல் பஸ்ல இன்னைக்கு எங்க இறங்கணும் வாப்பா?"

நஸீரா அவளுடைய மகள். ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள்.

"ரெண்டு நாளைக்கு ஓட்டல் அப்பார்ட்மென்ட் எடுத்திருக்காகள்ல மாப்பிள்ள?"

"அதுக்கப்புறம்?"

"மதுரைக்கு டிக்கெட் போட்டாச்சுன்னு சம்பந்தி சொன்னாக. மாப்பிள்ள தம்மாம்ல காலூன்றுற வரைக்கும் நீயும் புள்ளையும் ஊர்ல..."

"ஊர்ல யார் வீட்டுல?"

அவர் இண்டிகேட்டரைப் போட்டார். திரும்ப வேண்டிய இடமே இல்லை.

"மாமி வீடு இப்ப மாமி வீடு இல்ல வாப்பா. மதினிக்குக் கல்யாணத்துல கொடுத்த வீடு. மதினி எனக்குப் போன் பண்ணினாக. அடுப்படிக்குப் பின்னால ஒரு அறை இருக்காம். வெங்காய மூட்டையை எடுத்துட்டா ரெண்டு பாய் விரிக்கலாமாம். புருஷனோட கூடப் பொறந்தவ வீட்டுல, வெங்காய அறையில, கட்டின பொண்டாட்டியும் மகளும். நம்ம ஊர்ல இப்படி எவ இருந்திருக்கா, சொல்லுங்க."

"கொஞ்ச நாளைக்குத்தான்."

"அஜ்மான்ல உங்க வீட்டுல ரெண்டு ரூம் இருக்கு."

ஹபீப் முகம்மது இண்டிகேட்டரை அணைத்தார். அந்த அஜ்மான் வீடு, ஹிஃப்ஸாவின் கல்யாணத்துக்கு நான்கு வருடம் கழித்து, விலை விழுந்திருந்த சமயத்தில் அவர் தன் பெயரில் வாங்கியது. சின்ன வீடு. ஆனால் குத்தகை இல்லை, முழுச் சொந்தம். வாங்கிய அன்றே அவர் மனைவி ஹபீபுன்னிசா, "இதைப் புள்ளைக்கு மாத்திக் கொடுத்துட்டு அதை நாம வச்சிக்குவோமே" என்றார். மாற்றினால் ஏன் மாற்றுகிறாய் என்று நாலு பேர் கேட்பார்கள். "பேசாம இரு" என்று மனைவியை அடக்கினார். தகப்பன் சொந்த வீட்டிலும் மகள் குத்தகை வீட்டிலுமாக எட்டு வருடம் ஓடிப் போயிற்று.

"நீ அங்க வந்தா, அந்த வீட்டுப் பத்திரம் எப்படி, இந்த வீட்டுப் பத்திரம் எப்படின்னு சம்பந்தி கேள்வி கேப்பாக" என்றார் கடைசியில்.

"கேட்டா?"

"கேட்கக் கூடாது."



*

பதிவு அலுவலகத்தில் ஆட்களைவிடக் குளிர் அதிகமாக இருந்தது. விற்பவர் தரப்பு வக்கீல் ஸ்ரீனிவாசன் ஒரு வட்ட மேஜையைப் பிடித்து வைத்திருந்தார். கும்பகோணத்துக்காரர். துபாயில் வீடு விற்கிற தமிழர்களில் பாதிப்பேர் அவரிடம்தான் போவார்கள். வாங்குகிற அஹ்சன், தெய்ராவில் கடை வைத்திருக்கிற லாகூர்க்காரர், எதிரில் உட்கார்ந்து மணிக்கொரு தரம் கடிகாரத்தைப் பார்ப்பதற்குப் பதில் நிமிடத்துக்கொரு தரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஹபீப் முகம்மது வக்கீலைத் தனியே அழைத்து, தாழ்ந்த குரலில் சொன்னார்: "செலவுக் கணக்கை என்கிட்ட மட்டும் கொடுத்துடுங்க தம்பி. சபையில வாசிக்க வேணாம்."

"விக்கறவங்க மேடம்தானே பாய். அவங்க கேட்டுட்டு ஒத்துக்கணும். அவங்களுக்கு மட்டும் மெதுவா சொல்லிடறேன்."

அதுவே போதும் என்று அவர் மூச்சு விட்டார். மேஜைக்குத் திரும்பினார்கள். அப்படியே முடிந்திருக்கும். ஜுலைஹா பீவியின் ஆசை முடிய விடவில்லை.

"என்ன குசுகுசுன்னு பேச்சு?" என்றார் அவர். "வக்கீல் தம்பி, செலவு என்னன்னு வாய்விட்டு வாசிங்க. நாளைக்கு இதுல இவ்வளவு கழிஞ்சு போச்சு, அதுல அவ்வளவு கழிஞ்சு போச்சுன்னு என் மகன் கைக்கு வர்றது குறைஞ்சிடக் கூடாது. பெண் வீட்டுச் செலவு பெண்ணைப் பெத்தவகளுக்கு. அதான் முறை."

"செலவு பூரா என்னதுன்னு நான்தான் சொல்லிட்டேனே சம்பந்தி. வாசிக்க வேணாம்."

"ஏன் வேணாம்? காது கேக்கத்தானே உக்காந்திருக்கேன்."

ரிபாயும் சொன்னான்: "வாசிக்கட்டும் மாமா. எல்லாருக்கும் தெரிஞ்சா நல்லதுதானே."

ஸ்ரீனிவாசன் ஹிஃப்ஸாவைப் பார்த்தார். "மேடம்?"

ஹிஃப்ஸா வாப்பாவைப் பார்த்தாள். அவர் முகம் கல்லாக இருந்தது. கல்லுக்குள் ஒரு கெஞ்சல் இருந்தது. அவள் அந்தக் கெஞ்சலுக்கு இரங்கி, "வேணாம் சார்" என்று சொல்லத்தான் வாயெடுத்தாள்.

"அவளை என்ன கேக்கிறிய? வெங்காய அறையில படுக்கப் போறவளுக்குக் கணக்கு எதுக்கு?" என்று ஜுலைஹா பீவி தன் பேச்சை ரசித்துச் சிரித்தார்.

ஹிஃப்ஸா வாயை மூடினாள். பிறகு திறந்து சொன்னாள்: "வாசிங்க சார்."

ஸ்ரீனிவாசன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "தரகர் கமிஷன், நம்ம பக்கத்துக்கு உண்டானது. என்னோட ஃபீஸ், வரியோட. பேர் மாத்தற கட்டணத்துல பாதி..."

"அது வாங்குறவருதில்ல?" என்றான் ரிபாய்.

"வழக்கமா அவங்கதான் கட்டுவாங்க. பாதி நான் தரேன்னு பாய் பேச்சிலேயே ஒத்துண்டுட்டார். சீக்கிரம் முடியணும்னார்."

"அடி யாத்தே, என்ன தாராளம்!" என்றார் ஜுலைஹா பீவி. "மேல வாசிங்க."

"கட்டடப் பராமரிப்புப் பாக்கி. அதைக் கட்டினப்புறம்தான் அடுத்தது நடந்தது. அடுத்தது, நிலத்துச் சொந்தக்காரங்க சம்மதக் கட்டணம். அப்புறம் இன்னிக்குத் தேதி வரைக்கும் நில வாடகை..."

தஸ்பீஹ் மணி நின்றது.

"யாரோட சம்மதம்?"

ஸ்ரீனிவாசன் நிமிர்ந்தார். எதையோ மிதித்துவிட்டோம் என்று அவருக்குப் புரிந்தது. ஆனால் கேள்வி கேட்கப்பட்டுவிட்டது. "நிலத்துச் சொந்தக்காரங்க. கம்பெனி."

"சொந்தக்காரி இவதானே?" ஜுலைஹா பீவி மருமகளை நோக்கி விரலை நீட்டினார். "இவ வீட்டை இவ விக்க எவன் சம்மதிக்கணும்? அதென்ன வாடகை?"

அஹ்சன் ஒன்றும் விளங்காமல், "க்யா ஹுவா? யல்லா பாய், யல்லா" என்று விஷயம் கேட்டு அவசரப்படுத்தினார்.

"சொல்லுங்க தம்பி" என்றார் ஜுலைஹா பீவி.

"இது லீஸ்ஹோல்ட் ஃப்ளாட்மா. நீண்ட காலக் குத்தகை. ஒண்ணும் தப்பில்லை, இங்க நிறைய உண்டு..."

"குத்தகை." ஜுலைஹா பீவி அந்தச் சொல்லை வாய்க்குள் உருட்டிப் பார்த்தார். பிறகு மெதுவாக ஹபீப் முகம்மதுவின் பக்கம் திரும்பினார். அவருக்குக் கோபம் வந்ததாகத் தெரியவில்லை. நெடுநாளாகத் தேடிய சாமான் கைக்குக் கிடைத்த முகமாக இருந்தது.

"ஊர்ல மாடி வீடு கொடுக்கிறோம்னு வந்து நின்ன சம்பந்தத்தையெல்லாம் தள்ளிட்டு உங்க வீட்டுல கை நனைச்சோம். எதுக்கு? துபாய்ல சொந்த வீடுன்னு நீங்க மஜ்லிஸ்ல நின்னு முழங்கினதுக்கு. குத்தகை வீட்டுக்கா என் மகனை மாப்பிள்ளையா அனுப்பினேன்? நாங்க அன்னைக்கு பந்தியில வச்ச தாலிச்சாவும் களறிக் கறியும் எதை நம்பி வச்சோம்?"

"சம்பந்தி, மெதுவா. சபை..."

"சபையா? பொய் சொன்னது சபையில. கேக்கிறது மட்டும் மெதுவாவா?"

ஹபீப் முகம்மது நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தார். அவருடைய கை மட்டும் மேஜைமேல் இருந்த பேனாவை நேராக வைத்தது. மறுபடி எடுத்து நேராக வைத்தது.

ரிபாய் மனைவியைப் பார்த்துக் கேட்டான்: "பன்னிரண்டு வருஷம். வாடகை வீட்டுலயா இருந்தேன் நான்?"

"வாடகை நீங்க கட்டல மச்சான்" என்றாள் ஹிஃப்ஸா. "நான் கட்டினேன்."

இது ஹபீப் முகம்மதுவுக்கும் புதிது. நில வாடகையை முதல் வருடம் அவர் கட்டினார். பிறகு கம்பெனி அதைக் கேட்கவே இல்லை, விட்டுவிட்டது என்று நினைத்திருந்தார்.

"கே.ஜி. ஸ்கூல்ல எனக்குக் கொடுக்கிற சம்பளத்துல வருஷா வருஷம் கட்டினேன் வாப்பா. பேப்பர் என் பேர்லதானே வரும்? முதல் தடவை வந்தப்பவே தெரிஞ்சு போச்சு. மச்சான்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. உம்மாகிட்டயும் கேக்கல. உங்க பேரு கெடக் கூடாதுன்னு."

"ஹிஃப்ஸா..."

"நான் காப்பாத்தின பேருதான் வாப்பா அது. நீங்க காப்பாத்தினது இல்ல."

ஸ்ரீனிவாசன் எழுந்துபோய்த் தண்ணீர் பாட்டில் எடுத்து வந்தார். யாரும் அதைத் தொடவில்லை.

ஹிஃப்ஸா நாற்காலியை வாப்பாவின் பக்கம் நகர்த்திப் போட்டாள். அவள் குரல் இறங்கியது. சின்ன வயதில் கடைக்குள் வந்து பலகாரத்துக்குக் காசு கேட்கிற குரல் அது. "வாப்பா. இதை மறைக்கத்தானே விக்கச் சொன்னிய? எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு. மறைக்க இனி ஒண்ணும் இல்ல. விக்க வேணாம். என் வீடு எனக்கு இருக்கட்டும். நஸீராவுக்கு இருக்கட்டும். குத்தகைன்னா குத்தகை. இன்னும் எத்தனையோ வருஷம் இருக்கு."

ரிபாய், "அதெப்படி?" என்று எழுந்தான். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஹபீப் முகம்மது வக்கீலைப் பார்த்தார்.

"ஒப்பந்தம் போட்டாச்சே பாய்" என்றார் ஸ்ரீனிவாசன். "இப்ப விலகினா அவரோட முன்பணத்தைத் திருப்பித் தரணும். அதே அளவு அபராதமும் தரணும். தரகர் கமிஷன் அப்பவும் உண்டு. கம்பெனிக்குக் கட்டின சம்மதக் கட்டணம் திரும்பி வராது. என் ஃபீஸை வேணா நான் விட்டுடறேன்."

"முடியாத தொகையா?" என்று ஹிஃப்ஸா கேட்டாள்.

"முடியாததுன்னு இல்லை. உங்க வாப்பா மனசு வச்சா..."

ஹபீப் முகம்மது அஹ்சனைப் பார்த்தார். அந்த மனிதர் முன்னால் ஒப்பந்தத்தை முறித்தால், சாயங்காலத்துக்குள் தெய்ரா கடைத்தெரு முழுக்கத் தெரிந்துவிடும். ஊரில் பெயர் போயிற்று. துபாயிலாவது மிஞ்சட்டும் என்று நினைத்தார் போலும்.

"கையெழுத்துப் போடும்மா" என்றார். "வாக்குக் கொடுத்தாச்சு. ஹபீப் முகம்மது வாக்கு மாறினான்னு இதுவரைக்கும் எவனும் சொன்னதில்ல."

ஹிஃப்ஸா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணில் ஏதோ ஒன்று அணைந்தது. பக்கத்தில் இருந்த வக்கீலுக்கே அது தெரிந்தது.

"சரி வாப்பா" என்றாள்.

கையெழுத்துப் போட்டாள். ஒவ்வொரு பக்கத்திலும், காட்டிய இடத்திலெல்லாம் போட்டாள். அதிகாரி முத்திரை குத்தினார். அஹ்சன் வங்கிக் காசோலையை எடுத்து, "முபாரக் ஹோ" என்று வாழ்த்தி நீட்டினார். யாருக்கு முபாரக் என்று அவருக்கே தெரிந்திருக்காது. ஹிஃப்ஸா வீட்டுச் சாவிக்கொத்தை அவரிடம் கொடுத்தாள்.

காசோலைக்கு ரிபாய் கையை நீட்டினான். அவள் அதை மடிக்காமல் கைப்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள்.

"கொடு புள்ள, அவன் வச்சிருக்கட்டும்" என்றார் ஜுலைஹா பீவி.

"என் பேர்ல எழுதியிருக்கு மாமி."

"பேர்ல எழுதினா?"

"சொந்தக்காரிக்குத்தான் எழுதுவாங்களாம். இதுலயாவது நான் சொந்தக்காரி."

ஜுலைஹா பீவிக்கு முகம் சிவந்தது. மருமகளிடம் தோற்றதை அவர் சம்பந்தியிடம் தீர்த்துக்கொள்ளத் திரும்பினார். "பாத்தியளா உங்க வளப்பை? குத்தகையும் போச்சு. இப்ப என் மகனுக்கு வீடு எங்கே? மஜ்லிஸ்ல கொடுத்தேன்னு சொன்னியளே, அந்தச் சொந்த வீடு எங்கே சம்பந்தி? எந்தத் தெருவுல இருக்கு? காட்டுங்க, நானும் போய்ப் பாக்கிறேன்."

"மாமி கேக்கிறது நியாயம்" என்றாள் ஹிஃப்ஸா.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

அவள் எழுந்து நின்றாள். வாப்பாவுக்கு எதிரில், மேஜைக்கு அந்தப் பக்கம். "நாலு பேர் முன்னால எனக்குச் சொந்த வீடு கொடுக்கிறேன்னு சொன்னிய. நீங்க கொடுத்தது குத்தகை. இன்னைக்கு அதையும் விக்கச் சொல்லி வித்தாச்சு. ஆனா வாக்கு அப்படியே நிக்குது வாப்பா. உங்க மாப்பிள்ள ரோட்டுல நிக்கிறாக. அஜ்மான் வீட்டுச் சாவியைக் கொடுங்க."

ஹபீப் முகம்மதுவுக்கு முதலில் அது காதில் ஏறவில்லை. ஏறியபோது, "என்ன சொல்ற?" என்றார்.

"அது முழுச் சொந்தம். உங்ககிட்ட இருக்கிற ஒரே சொந்தம். அதுதான் என் கல்யாணத்துக்கு நீங்க சொன்ன வீடு."

"அதுல நானும் உன் உம்மாவும்..."

"பெண்ணுக்கு வீடு கொடுத்தா பெத்தவங்க ஒதுங்கிப் போறதுதானே நம்ம முறை? உங்க வாப்பாவும் உங்க உம்மாவும் ஒதுங்கினாக. நீங்க எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த முறைதான்."

"மகளே. இத்தனை பேர் முன்னால..."

"தனியா கேட்டேன் வாப்பா, கார்ல. ரெண்டு ரூம்ல ஒரு ரூம்தான் கேட்டேன்."

அவர் வாயைத் திறந்தார். அவள் விடவில்லை.

"ஹபீப் முகம்மது வாக்கு மாறினான்னு எவனும் சொன்னதில்லன்னு இப்பத்தானே சொன்னிய? இதோ மாமி இருக்காக. மச்சான் இருக்காக. வக்கீல் இருக்காக. மாறிட்டேன்னு சொல்லிடுங்க. நான் வெங்காய அறைக்குப் போறேன்."

பெண் தகப்பனிடம் வீடு கேட்டது முறை. கேட்ட இடம் முறையல்ல. ஆனால் அந்த இடத்துக்கு அவளை அழைத்து வந்தவர் யார் என்று பார்த்தால், அவரும் வாய் திறக்க வழியில்லை.

ரிபாய் தாயாரைப் பார்த்தான். வீடு எங்கே என்று கேட்டவர் அவர்தான். வீடு கிடைக்கிறபோது வேண்டாம் என்று எந்தச் சம்பந்தியும் சொன்னதாகச் சரித்திரம் இல்லை. தஸ்பீஹை மடியில் வைத்துவிட்டு, "அஜ்மான் தூரமாச்சே" என்று மட்டும் முணுமுணுத்தார்.

ஹபீப் முகம்மது சட்டைப்பையில் கை விட்டார். வெகுநேரம் துழாவினார். ஒரு சின்ன வளையத்தில் இரண்டு சாவிகள் இருந்தன. ஒன்று கடைச் சாவி. மற்றதை வளையத்திலிருந்து கழற்ற அவர் நகம் ஒத்துழைக்கவில்லை. யாரும் உதவ முன்வரவில்லை. கடைசியில் கழற்றி மேஜைமேல் வைத்தார். தள்ளவில்லை, வைத்தார்.

ஹிஃப்ஸா எடுத்துக்கொண்டாள்.

ஸ்ரீனிவாசன் தொண்டையைச் செருமினார். "மேடம், தப்பா நினைச்சுக்காதீங்க. சாவி வாங்கினா மட்டும் வீடு உங்களதாகாது. பேர் மாத்தணும். தகப்பன் மகளுக்குக் கொடுக்கறதுன்னாலும் அதுக்கு ஒரு கட்டணம் உண்டு. அரபு மொழிபெயர்ப்பு, நோட்டரி, என்னோட..."

"எப்ப செய்யலாம் சார்?"

"பாய் வந்தா, நாளைக்கே."

"எழுதிக்குங்க சார்." அவள் கைப்பையைத் தோளில் மாட்டினாள். "செலவு வாப்பா பக்கம்."

நஸீராவின் பள்ளிக்குப் போன் போட்டபடியே வெளியே நடந்தாள். "இன்னைக்கு பஸ்ல ஏத்தாதீங்க. நான் வந்து கூட்டிக்கிறேன்" என்று அவள் சொல்வது கதவு மூடுகிற வரை கேட்டது. ரிபாய் கொஞ்சம் தயங்கிவிட்டு, அந்தக் கைப்பையின் பின்னால் போனான். ஜுலைஹா பீவி மகனின் பின்னால் போனார்.

ஹபீப் முகம்மது அப்படியே உட்கார்ந்திருந்தார். அலுவலகத்தில் அடுத்த வரிசைக்காரர்கள் மேஜைக்காகக் காத்து நின்றார்கள்.

போன் அடித்தது. ஹபீபுன்னிசா.

"முடிஞ்சிருச்சா? புள்ள அழுதாளா?"

"இல்ல. அழல."

"மாப்பிள்ளையும் சம்பந்தியும் சாப்பிட வராகளா? நெய்ச்சோறு போட்டிருக்கேன். பசியாறாம அனுப்பிடாதிய, பாவம்."

"வராக" என்றார் ஹபீப் முகம்மது. "எல்லாரும் வராக." பிறகு குரலைச் சரிசெய்துகொண்டார். எந்த நிலையிலும் மனைவியிடம் குரல் உடையக் கூடாது என்பது அவர் வைத்திருந்த விதி. "நீ நம்ம ரெண்டு பேர் துணியையும் பெட்டியில எடுத்து வை."

அந்தப் பக்கம் அடுப்பை அணைக்கிற ஒலி கேட்டது. ஏன், எதற்கு என்று ஹபீபுன்னிசா கேட்கவில்லை. எட்டு வருடத்துக்கு முன்னால் மாற்றிக் கொடுப்போம் என்று சொன்னவர் அவர்.

"உங்க துணியை எடுத்து வைக்கிறேன்" என்றார். "நான் புள்ளையோட இருந்துக்கிறேன்."